ஃபுஷிமி இனாரி தைஷா

ஜப்பானின் கியோத்தோ நகரின் தெற்குப் பகுதியில், 233 மீட்டர் உயரமுள்ள இனாரி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஷிண்டோ கோயில். நாடெங்கும் உள்ள சுமார் 30,000 இனாரி கோயில்களுக்கு இதுவே தலைமைக் கோயில். இன்று தொழில் செழிக்க வேண்டிப் பலரும் இங்கு வருகிறார்கள். ஆனால் இனாரி முதலில் நெல்லுக்குரிய தெய்வம்.

கி.பி. 711இல் கோயில் தோன்றியதாக மரபு. கொரியத் தீபகற்பத்திலிருந்து குடியேறியதாகக் கருதப்படும் ஹாத்தா குலத்தின் இரோகு என்ற செல்வந்தர், அரிசிப் பிண்டத்தைக் குறிவைத்து அம்பெய்தாராம். பிண்டம் வெண்பறவையாகி மலையுச்சிக்குப் பறந்தது. அது இறங்கிய இடத்தில் நெல் விளைந்தது. சோற்றை விளையாட்டுப் பொருளாக்கிய பணக்காரனுக்கு மலை சொன்ன பதில் என்றும் இக்கதையைப் படிக்கலாம்.

827இல் ஜுன்னா பேரரசர் நோயுற்றார். தோஜி பௌத்தக் கோயிலுக்காக இனாரி மலையின் மரங்களை வெட்டியதே காரணம் என்று குறி சொல்லப்பட்டது. தெய்வத்தின் சினம் தணிக்க அரசவை அதற்குப் பதவி வழங்கியது. 942இல் அப்பதவி மிக உயர்ந்த படியை எட்டியது. இரண்டாம் மாதத் திருவிழா நாளில் மலையேறிய அரண்மனைப் பெண் செய் ஷோனாகொன், தான் பாதி வழியில் களைத்து நிற்க, நாற்பது வயது கடந்த ஒருத்தி ஏழு சுற்று வருவதாகச் சொல்லிப் போனதைப் பொறாமையோடு எழுதியிருக்கிறார்.

ஓனின் என்ற உள்நாட்டுப் போரில் 1468இல் கோயில் எரிந்தது. இன்றைய கருவறை 1499இல் எழுந்தது. கோபுரவாயில் 1589இல் அன்றைய ஆட்சியாளர் தொயோதொமி ஹிதெயோஷி தந்தது.

எதோ காலத்தில் (1603–1868) பிரபுக்களின் வருவாய் நெல் அளவில் கணக்கிடப்பட்டது. சாமுராய்களுக்குச் சம்பளமும் நெல்லே. நெல்லே பணமாக இருந்த நாட்டில், நெல்லைத் தரும் தெய்வத்தைக் கடைக்காரர்கள் வணங்கியதில் வியப்பில்லை. இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சென்ற டாகினி என்ற பெண் தெய்வத்தின் வழிபாடும் இனாரியோடு கலந்தது. ஜப்பானில் டாகினி நரிமேல் அமர்ந்திருப்பாள். கோயிலெங்கும் காணப்படும் நரிச்சிலைகளோ தெய்வமல்ல, அதன் தூதர்கள். சில, களஞ்சியச் சாவியை வாயில் கவ்வியிருக்கும்.

மெய்ஜி அரசு 1868இல் ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது, வளாகத்திலிருந்த அய்சென்ஜி பௌத்தக் கோயில் அகற்றப்பட்டது. 1946இல் கோயில் அரசுப் பிடியிலிருந்து விலகித் தனிச் சமய நிறுவனமானது.

மலைப்பாதையை மூடிநிற்கும் சுமார் 10,000 செந்நிறத் தோரீ வாயில்கள் நேர்த்திக்கடன்கள். வணிகர்களும் நிறுவனங்களும் அளித்த இவற்றின் பின்புறத்தில் கொடையாளர் பெயரும் தேதியும் கருப்பு எழுத்தில் இருக்கும். ஏறுபவருக்குத் தெரியாது, இறங்கும்போதுதான் படிக்க முடியும். மரம் சில ஆண்டுகளில் இற்றுப்போக, அந்த இடத்துக்கு வேறு பெயர் வருகிறது.