வலி கண்ட புரம்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை செல்லும் பெருவழியை ஒட்டினாற்போல் வாலிகண்டபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. இராமாயணத்து வாலி சிவபெருமானைக் கண்டு பூஜித்த தலம் என்பது ஐதிகம். சுவாமிக்கு வாலீசுவரர் என்றே பெயர். சென்ற ஆண்டு அங்கே போயிருந்த எனக்கு அந்த ஊர் 'வலி கண்ட புரம்' ஆகிவிட்டது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவன் ஒரு படியைத் தவறவிட்டேன். இடது பாதம் உட்புறமாக மடங்கியது. கண்ணில் மின்னல் அடித்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையில் நான் அந்த வட்டாரத்துக்குப் போனது ஒரு சண்டையைத் தேடிக்கொண்டு. வாலிகண்டபுரத்துக்குச் சற்று வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751-ஆம் வருஷம், கர்நாடக நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் மல்லுக்கு நின்ற காலத்தில், அந்தக் கோட்டையருகே ஒரு போர் நடந்தது. முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. பீரங்கி முழங்கியதும் ஆங்கிலேயப் படையினர் பீதியடைந்து ஓட்டம் பிடித்தார்கள். கடைசியில் திருச்சிராப்பள்ளி வரையில் பின்வாங்கினார்கள். அந்தப் போரில் அதிகமாக உழைத்த அங்கம் கால்தான்! ஓடிய அந்தக் கால்களைப் பற்றி வேடிக்கையாக எழுதலாம் என்று போன நான், ஓட முடியாத ஒரு காலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி எழுந்து வந்தாள். கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள்.

"வலிக்குதா தம்பி?"

"உயிர் போகிறது, ஆயா."

"வலிச்சா சரிதான். வலிக்காத காலுக்குத்தான் வைத்தியம் கிடையாது" என்றாள்.

புளியையும் கல்லுப்பையும் கரைத்துக் கொதிக்க வைத்துப் பொறுக்கும் சூட்டில் பற்றுப் போட்டாள். போட்டுக்கொண்டே தன் கதையையும் சொன்னாள். அவள் புருஷனுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் பருத்திக் காட்டில் உள்ளங்காலில் முள் ஏறியிருக்கிறது. மூன்று நாள் அது அவருக்குத் தெரியவே இல்லை. முள்ளோடேயே நடந்திருக்கிறார். நாலாம் நாள் கால் வீங்கியது. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆயிற்று. "முள்ளு குத்தினப்பவே வலிச்சிருந்தா அந்த மனுசன் கால் இருந்திருக்கும்" என்றாள்.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். ஆனாலும் ஊர் திரும்பியதும், கால் கட்டோடு படுத்திருந்த நாட்களில், காலைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். நம் உடம்பில் மொத்தம் 206 எலும்புகள். இரண்டு பாதங்களில் மட்டும் 52. அதாவது, நாலில் ஒரு பங்கு! இவற்றை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பவை நார்கள். கணுக்காலின் உட்புறத்து நார் தாம்புக்கயிறு போலத் தடித்தது. வெளிப்புறத்து நார்கள் மூன்றும் அவ்வளவு பலமுள்ளவை அல்ல. அதனால்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சுளுக்கிக்கொள்வது என்னைப் போலப் பாதம் உள்மடங்கித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். முழங்கால் சில்லு, குதிகாலுக்குப் பின்னால் தடித்து ஓடும் நாண், முதியவர்கள் விழுந்தால் முறிகிற தொடை எலும்பின் கழுத்து - ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. இத்தனை ஆபத்துகளுக்கும் ஒரே ஒரு காவல்காரன். அவன் பெயர் வலி.

இதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர், அன்று நான் உட்கார்ந்திருந்த படியிலிருந்து பார்த்தால் மேற்கே நீலமாகத் தெரியும் மலைகளுக்குச் சொந்தக்காரர் என்றே சொல்லவேண்டும். முதலில் தெரிவது பச்சைமலை. அதற்கும் அப்பால் கொல்லிமலை. 1914-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் தம்பதிக்குப் பிறந்து, அந்தக் கொல்லிமலையில் வளர்ந்தவர் பால் பிராண்ட்.

தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் மலை ஜனங்களுக்குப் பிரசங்கத்தைவிட வைத்தியம் அதிகம் செய்தவர். அந்தக் காலத்தில் நரம்புச் சிலந்தி என்று ஒரு கொடிய வியாதி இருந்தது. குளத்து நீரிலும் படிக்கிணற்று நீரிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாக வயிற்றுக்குள் போகும் புழு, ஒரு வருஷம் உள்ளேயே வளர்ந்து, இரண்டு முழம் நீளத்துக்குக் காலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் பிடித்துவிடும். ஆகையால் சிறு குச்சியில் சுற்றி, நாள்தோறும் அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி துரை நோயாளியின் காலடியில் குந்தி உட்கார்ந்து பொறுமையாகக் குச்சியைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே சிறுவன் பால் வெறுங்காலோடு வளர்ந்தான். (அந்தப் புழு இப்போது நம் தேசத்தில் இல்லை. கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்கு நற்சாட்சி அளித்தது. குடிக்கும் நீரைத் துணியில் வடிகட்டச் சொன்னதே அதற்கு முக்கியமான மருந்து!)

ஒன்பதாவது வயதில் பையன் படிப்புக்காக இங்கிலாந்து போனான். 1929-இல் தகப்பனார் கடுஞ்சுரத்தில் மலையிலேயே இறந்தார். தாயார் எவிலின் அம்மாள் இந்தியாவைக் கைவிடவில்லை. ஓய்வு பெற வேண்டிய வயதில் ஓய்வு பெற்றுக்கொண்டு மறுபடியும் மலையேறிய மனுஷி அவர். எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பு முறிந்தது. ராத்திரி முழுவதும் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்து பார்த்த பிறகு கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். "இனியாவது போதும்" என்று மகன் கெஞ்சினார். அம்மாளோ குணமானதும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடி மலைக்கே போனார். 1974-இல் கண்ணை மூடும்போது வயது தொண்ணூற்றைந்து.

மகன் பால் லண்டனில் அறுவை வைத்தியம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். செங்கற்பட்டை அடுத்த தொழுநோய் நிலையத்தை ஒரு முறை பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி தாங்கவில்லை! செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு பலமா? அன்றே அவர் மனத்தில் ஒரு கேள்வி விழுந்தது.

விடை வேறொரு நாள் கிடைத்தது. பண்டகசாலைக் கதவின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் டாக்டர் திணறினார். நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்தான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு வரையில் வெட்டியிருந்தது; அவனுக்குத் தெரியவில்லை. பிராண்டுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தொழுநோய்க் கிருமி சதையைத் தின்பதில்லை. உணர்ச்சி நரம்பைத் தின்கிறது. காவல்காரன் இல்லாத வீட்டில் கொள்ளை போவதுபோல், சூடும் முள்ளும் கல்லும் மற்றதைச் செய்துவிடுகின்றன.

பாதத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நீங்களும் நானும் நாலு மைல் நடந்தால், நமக்குத் தெரியாமலே பாரத்தை முன்காலுக்கும் குதிகாலுக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். சிறு கொப்புளம் வந்தால் நொண்டுகிறோம். நொண்டுவதே வைத்தியம்! உணர்ச்சியற்ற பாதக்காரன் நொண்டுவதில்லை. புண்ணின் மீதே நடக்கிறான். படுக்கையில் ஆறிய புண் வீடு திரும்பியதும் மறுபடி திறந்துகொள்வது அதனால்தான். ஆகவே, வேலூரிலும் 1955-இல் ஏற்பட்ட காரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும் டாக்டர்களோடு செருப்புத் தைப்பவர்களும் கூடி உழைத்தார்கள். மெத்தென்ற நுண்துளை ரப்பரில் அடிப்பாகம் வைத்த செருப்பு பிறந்தது. ஆஸ்பத்திரிகளில் இன்றும் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று சொல்கிறார்களே, அதுதான்.

பிராண்ட் தம்மைப் பற்றிச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. நெடுந்தூரப் பிரயாணம் முடிந்து லண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார்; ரத்தம் வந்தது, வலி வரவில்லை. 'நமக்கும் வந்துவிட்டது' என்று விடிய விடியத் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார். 'ஆ!' என்று கத்தினார். ரயிலில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் மரத்திருந்த நரம்புதான் அது. அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாராம். 1966-இல் அமெரிக்கா சென்றவர், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் கண்டார். 2003-இல் காலமானார்.

படித்ததைப் புத்தகத்தோடு மூடிவைக்க என்னால் முடியவில்லை. என் அண்ணாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. முன்பெல்லாம், "பாதம் எரிகிறது, எறும்பு ஊர்கிறது" என்று ராத்திரியில் புலம்புவார். இரண்டு வருஷமாகப் புலம்பல் நின்றுவிட்டது. வியாதி குறைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நானுந்தான்.

அன்று சாயங்காலம் நொண்டிக்கொண்டே அவர் அறைக்குப் போனேன். "இது என்னடா பைத்தியக்காரத்தனம்!" என்று அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்ள, நான் பிடித்து விளக்கில் திருப்பிப் பார்த்தேன். வலது பெருவிரலின் அடியில் உளுந்தளவுக்கு ஒரு சிவப்புப் புண். சுற்றிலும் தோல் தடித்திருந்தது.

"வலிக்கவே இல்லையே!" என்றார் அண்ணா.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போனோம். நல்ல வேளை, புண் எலும்பைத் தொடவில்லை. படிகளில் ஏறும்போது, கணுக்கால் சுளுக்கிய நான் அண்ணாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படிக்கும் சுருக்கென்று வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.