பூமிக்குள்ளே மூட்டிய அடுப்பு

காஞ்சிபுரத்துக்காரனுக்கு கச்சா எண்ணெயோட என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. எல்லாம் எங்க பெரியப்பா சாயப்பட்டறையில ஆரம்பிச்சது. பட்டு நூலை சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அதிலிருக்கும் பசையை எடுப்பார்கள். அந்தப் பசை சூட்டுக்குத்தான் ஒழுங்காக மசியும். போன மாசம் மெஹ்சானா பற்றிப் படித்தபோது அந்த அண்டாதான் ஞாபகம் வந்தது.

குஜராத் மெஹ்சானாவில் பலோல், சாந்தல் என்று ஓ.என்.ஜி.சி.க்கு இரண்டு எண்ணெய் வயல்கள். ஏறக்குறைய 1000 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் பாகு மாதிரி. இறைத்தால் தண்ணீர்தான் முந்திக்கொண்டு வரும். சும்மா இறைத்தால் அதிகபட்சம் 13 சதவீதம் தேறும் என்று கணக்குப் போட்டார்கள். மீதி உள்ளேயே கிடக்கும்!

சரி, சூடாக்கணும். மேலிருந்து நீராவி அனுப்பினால், அவ்வளவு ஆழம் இறங்குவதற்குள் சூட்டில் கணிசமான பங்கு வழியிலேயே போய்விடும். அதனால் அடுப்பையே கீழே கொண்டுபோனார்கள். ஒரு கிணற்றில் நெருப்பு மூட்டி, கம்ப்ரஸரால் காற்றை அழுத்திக்கொண்டே இருப்பது. நெருப்பு பாறைக்குள் மெதுவாக நகரும், முன்னால் இருக்கும் எண்ணெய் இளகி பக்கத்துக் கிணறுகளுக்கு ஓடும். ருமேனியாவில் சுப்லாகு டி பர்காவ் என்ற இடத்தில் 1964லிருந்தே இதைச் செய்கிறார்கள். பலோலில் 1990ல் சோதனை, 1997ல் பெரிய அளவில். 39 முதல் 45 சதவீதம் வரை எடுக்கலாம் என்று மதிப்பீடு.

பெரியப்பாவிடம் சொன்னேன். "ஏன்டா, எண்ணெயையே எரிச்சுட்டா அப்புறம் எதைடா எடுப்பான்?" என்றார். நியாயமான கேள்வி! எரிவது பெரும்பாலும் கடைசியில் பாறையில் ஒட்டிக்கொள்ளும் கரி மாதிரியான கசடுதான். ஆனால் விளையாட்டில்லை. காற்றும் எண்ணெய் ஆவியும் கிணற்றுக்குள் தப்பான இடத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

நெருப்பே இல்லாமல் சூடு பண்ண இன்னொரு வழி இருக்கு. பிளஸ் டூ வேதியியலில் நைட்ரஜன் தயாரிப்பு படிச்சோமே... சோடியம் நைட்ரைட், அம்மோனியம் குளோரைடு. கலந்தால் நைட்ரஜன், உப்பு, தண்ணீர், கூடவே நல்ல சூடு. மார்க்குக்காக மனப்பாடம் பண்ணதோடு சரி, சூடு பற்றி நான் யோசிச்சதே இல்லை :-) பிரேசிலின் பெட்ரோப்ராஸ் 1990களில் இதை வைத்துத்தான் ஆழ்கடல் குழாய்களில் உறைந்த மெழுகை இளக்கியது. கொஞ்சம் அமிலம் சேர்த்தால் வினை வேகம் பிடிக்கும். மேலேயே பொங்கிவிடாமல், சரியான இடத்துக்குப் போன பிறகு பொங்க வைப்பதில்தான் மொத்த சாமர்த்தியமும்.

ஆனால் என் கணக்கில் இது பலோல் நெருப்புக்கு மாற்று ஆகாது. கிணற்று வாயைச் சுற்றி அடைப்பெடுக்க சரி. ஒரு வயல் முழுக்க சூடாக்க எத்தனை லாரி ரசாயனம் வேணும்!

ராஜஸ்தான் பாகேவாலாவில் ஆயில் இந்தியா 2018ல் நீராவியையே பிடித்தது. அது அடுத்த பதிவில்.