குருதிவாயிலும் எக்ஸ் கதிர்ப் படமும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றிலே கருவிகளின் தோற்றமே பெரிதும் பேசப்படுவதுண்டு. ஆயின், கருவியையும் உடலையும் இணைக்கும் வழி கிட்டாதவரை கருவியாற் பயனில்லை. செயற்கைச் சிறுநீரகத்தின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுகின்றது.

1943ஆம் ஆண்டில், ஜேர்மானியர் ஆக்கிரமித்திருந்த நெதர்லாந்தின் கம்பன் நகரிலே, வில்லெம் கொல்ஃப் என்னும் மருத்துவர் செலோபேன் குழாய் சுற்றிய உருளையொன்றினால் நோயாளரின் குருதியைச் சுத்திகரித்தார். பொறி இயங்கியது. எனினும், ஒவ்வொரு தடவையும் நாடியோ நாளமோ புதிதாக வெட்டித் திறக்கப்படவேண்டியிருந்தது. வெட்டுதற்கு இடமற்றுப்போன நாளே சிகிச்சையின் இறுதி நாளாயிற்று.

1960இல் ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பெல்டிங் ஸ்கிரிப்னரும் வெயின் குயின்ரனும் முன்கையின் நாடியையும் நாளத்தையும் தோலுக்கு வெளியே ரெப்லோன் குழாயால் இணைத்தனர். இம்முறையால் முதலிற் பயன்பெற்ற நோயாளர் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும், குழாயிற் குருதி உறைதலும் கிருமித் தொற்றும் ஓயாத தொல்லைகளாயின. 1966இல் நியூயோர்க்கைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ முதலியோர் மாற்று வழியொன்றை வெளியிட்டனர். மணிக்கட்டருகே நாடியும் நாளமும் தோலின் கீழேயே தைத்து இணைக்கப்பட்டன. நாடிக் குருதியின் விசையால் நாளம் பருத்துத் தடித்து, மீண்டும் மீண்டும் ஊசியேற்றத் தக்கதாயிற்று.

எனினும், இவ்வாயிலும் காலப்போக்கில் ஒடுங்கக்கூடும். தோலின் கீழ் நிகழும் ஒடுக்கத்தைக் காண்பதெங்ஙனம்? இதற்கு விடை வேறொரு துறையில் வளர்ந்திருந்தது. 1896இல் வியன்னாவிலே, துண்டிக்கப்பட்ட கையொன்றின் குருதிக்குழாய்கள் எக்ஸ் கதிர்ப் படமாக்கப்பட்டன. 1927இல் லிஸ்பனிலே எகாஸ் மொனிஸ் உயிருள்ள மனிதரின் மூளை நாடிகளைப் படமாக்கினார். 1953இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர், ஊசித் துளையினூடாக மென்கம்பி செலுத்திக் குழாய் புகுத்தும் முறையைக் கண்டார். 1964இல் சார்ள்ஸ் டொற்றர், ஒடுங்கிய கால் நாடியைக் கத்தியின்றி விரித்தார். 1974இல் சூரிச்சிலே கிரன்ட்சிக் அதற்குப் பலூன் குழாயைக் கையாண்டார்.

இவ்விரு வரலாறுகளும் நோயாளரின் கையிலே சந்திக்கின்றன. இன்று குருதிவாயிலைப் படமாக்குகையில் அவர் பெரும்பாலும் விழித்தே இருப்பார். தோல் மரக்க மருந்தேற்றியபின், ஊசியினூடாக நிறச்சாயம் செலுத்தப்படும். அவ்வேளை கையிற் கணநேர வெம்மை தோன்றலாம். ஒடுக்கம் காணப்படின், பெரும்பாலும் அவ்விடத்திலேயே பலூன் விரிக்கப்படும். சிறிது நேரம் வலிக்கலாம். பின்னர் குருதி கசியாதவாறு துளை அழுத்தப்படும். பலர் அன்றே வீடு திரும்புவர். ஒவ்வாமை உண்டாயின், அல்லது குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வாராயின், அதை முன்னரே மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

ஒருவரின் உடலிலே இதற்குதவும் நாளங்கள் எண்ணிறந்தனவல்ல. கம்பனிலே முதன்முதல் உணரப்பட்ட இவ்வுண்மை இன்றும் மாறவில்லை. குருதிவாயிலில் விரல் வைத்து அதன் அதிர்வை நாள்தோறும் உணர்வதும், அது குன்றியதும் தாமதியாது மருத்துவரை நாடுவதும் அவ்வரலாறு நோயாளர்க்குப் புகட்டும் பாடமெனலாம்.