ஓரம் ஒதுங்கிய அச்சு

அமெரிக்கப் பேஸ்பால் அட்டைகளின் மதிப்பைக் குறைக்கும் குறைகளுள் பெரும்பாலானவை, அட்டை வாங்கியவர் கைக்கு வந்த பிறகு நேர்ந்தவை. முனை மழுங்குவதும், மடிப்பு விழுவதும், மேற்பரப்பில் கீறல் ஏறுவதும் புழக்கத்தின் விளைவுகள். படம் நடுவில் அமையாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் குறையோ அச்சகத்திலேயே உண்டாகிவிடுகிறது. வாங்கிய சிறுவன் எவ்வளவு பொத்திப் பாதுகாத்திருந்தாலும் அதை மாற்ற வழியில்லை. யாருடைய பராமரிப்புக்கும் தொடர்பில்லாத இந்தக் குறை, அட்டையின் விலையைத் தீர்மானிக்கும் முதன்மையான அளவுகோல்களுள் ஒன்றாக உயர்ந்தது அரை நூற்றாண்டுக்கு உட்பட்ட வரலாறு.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து வழங்கிய வண்ண அட்டைகள், படத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஓரப்பட்டையுடன் அச்சிடப்பட்டிருந்தன. நடுவமைவு, அதாவது எதிரெதிர்ப் பக்க ஓரங்கள் சம அகலத்தில் இருத்தல், என்ற கேள்வியே இத்தகைய ஓரப்பட்டை இருந்தால்தான் எழும். விளிம்புவரை படம் பரவிய அட்டையில் அச்சு சற்று விலகினாலும் கண் அதைக் கண்டுகொள்வதில்லை. இந்த வரிசைக்கு டி206 என்று குறியீடு தந்த ஜெபர்சன் பர்டிக், தாம் சேர்த்த லட்சக்கணக்கான அட்டைகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கி, அவற்றை ஆல்பங்களில் பசையிட்டு ஒட்டினார். இன்றைய சேகரிப்பாளர் பதறக்கூடிய அச்செயல் அக்காலத்து மனப்போக்கைத் தெளிவாகக் காட்டுகிறது: வரிசை நிறைவதே குறிக்கோளாக இருந்தது, ஒவ்வோர் அட்டையின் மாசின்மை அன்று.

1952இல் பெரும் வரிசை ஒன்றை வெளியிட்டு இத்தொழிலைத் தன் வசப்படுத்திக்கொண்ட புரூக்ளின் டாப்ஸ் நிறுவனம், 1957இல் அட்டையின் அளவை இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் என்று குறைத்தது. அதுவே பின்னர் தொழில் முழுமைக்கும் பொது அளவாயிற்று. அட்டைகள் தனித்தனியே அச்சாவதில்லை. நூறு, நூற்று முப்பத்திரண்டு என ஒரு பெரிய தாளில் வரிசையாக அச்சிடப்பட்டு, பிறகு வெட்டப்படுகின்றன. தாள் அச்சு இயந்திரத்துக்குள் சற்றுக் கோணலாக நுழைந்தாலோ, ஈரப்பதத்தால் விரிந்தாலோ, அடுக்கிய தாள்கள் ஓரம் சேராமல் கத்திக்கு அடியில் நகர்ந்தாலோ படம் ஒதுங்கிவிடும். சூயிங்கம்முடன் சில காசுகளுக்கு விற்ற பொருளில் ஒரு மில்லிமீட்டர் பிசகை எவரும் குறையாகக் கருதவில்லை. கருதியிருக்க வேண்டிய தேவையும் இல்லை.

1979இல் ஜேம்ஸ் பெக்கெட்டின் விலைக் கையேடு வெளிவந்து அட்டைக்கு நிலையான சந்தை விலை உருவானபோது, நிலைமைக்கேற்ப விலை என்ற கணக்கும் வேரூன்றியது. 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம், விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவராக அட்டையைச் சோதித்து, 1 முதல் 10 வரை தரமிட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் முறையைப் பரவலாக்கியது. உயர்தரமான 10 பெற, முன்பக்கத்து ஓரங்களின் விகிதம் ஏறத்தாழ 60க்கு 40ஐத் தாண்டக்கூடாது என்பது நெடுங்காலம் அதன் விதியாக இருந்தது. பின்பக்கத்துக்கு 75க்கு 25 வரை சலுகை உண்டு. மற்ற வகையில் சிறந்திருந்தும் படம் ஒதுங்கிய அட்டைக்கு, எண்ணைக் குறைக்காமல் அதன் பக்கத்தில் ‘ஓ.சி.’ (ஆஃப் சென்டர்) என்ற குறி இடுவதும் வழக்கமாயிற்று. அவ்வாறு குறியேற்ற 9 சந்தையில் ஏறக்குறைய 7இன் விலைக்கே போகும்.

விகிதத்தால் அளப்பதில் ஒரு நுட்பம் உள்ளது. இடமும் வலமும் மும்மூன்று மில்லிமீட்டர் ஓரம் கொண்ட அட்டையில் படம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் விகிதம் 67க்கு 33 ஆகி, 8ஆம் தரத்தின் எல்லையான 65க்கு 35ஐயும் கடந்துவிடுகிறது. ஐந்தைந்து மில்லிமீட்டர் ஓரமுள்ள அட்டையில் அதே நகர்வு 60க்கு 40 மட்டுமே. கத்தியின் பிசகு ஒன்றுதான், தண்டனை வெவ்வேறு. குறுகிய ஓரம் வைத்த வடிவமைப்பாளரின் அழகுணர்வுக்கு, பல பத்தாண்டுகள் கழித்து அட்டையின் உரிமையாளர் விலை கொடுக்கிறார் என்பதை நியாயமான ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது.

அகன்ற பக்கத்தைச் சற்றே செதுக்கி ஓரங்களைச் சமமாக்கும் ஆசை இந்த விகிதத்திலிருந்தே பிறக்கிறது. செதுக்கிய அட்டை அளவில் சிறுத்துவிடும் என்பதால் தரமிடுவோர் அதை அளந்து பார்த்து, எண் தர மறுக்கின்றனர். ஆயினும் பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் அட்டையே, ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 1991இல் சதபீஸ் ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கிய டி206 ஹோனஸ் வாக்னர் அட்டையே, 8 என்ற தரம் பெற்றிருந்தும், பக்க ஓரங்கள் வெட்டப்பட்டது என்பதை அதன் முன்னாள் உரிமையாளர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

அதே கிரெட்ஸ்கியின் முதல் அட்டையைக் கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் 1979இல் வெளியிட்டது. அதன் தாள்கள் கம்பியால் அறுக்கப்பட்டதால் விளிம்புகள் சொரசொரப்பாகவும் படங்கள் அடிக்கடி ஒதுங்கியும் வந்தன. இந்த அட்டையின் பிரதிகளில் பி.எஸ்.ஏ. 10 பெற்ற இரண்டே இரண்டனுள் ஒன்று 2021இல் 37.5 லட்சம் டாலருக்கு விலைபோனது.