கோன்செட் (மோட்டார் சைக்கிள்)

மோட்டார் சைக்கிளின் முன்ஃபோர்க்கைச் சட்டத்தோடு இணைத்து, ஹேண்டில் இரு பக்கமும் தடையின்றித் திரும்ப உதவும் பேரிங் தொகுதிக்குத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் வழங்கும் பெயர் கோன்செட். சட்டத்தின் முன்புறக் குழாயில் மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கோன். இரண்டுக்கும் இடையில் கிரீஸில் பதிந்து உருளும் பால்ரஸ் குண்டுகள். சைக்கிளிலிருந்து வந்த அமைப்பு இது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனமும் 1955இல் கைகோத்த பிறகு திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுகளிலும் இதுதான் இருந்தது. இன்று ஓடும் பல சிறிய வண்டிகளிலும் இதையே பார்க்கலாம்.

நீலகிரியில் இந்தச் சிறு பாகத்துக்கு ஓய்வே கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கினால் 43. சமவெளியில் ஹேண்டில் நேர்நிலையிலிருந்து அதிகம் விலகுவதில்லை. கல்லட்டியில் இறங்கும்போதோ முன்பிரேக்கைப் பிடித்தபடியே ஹேண்டிலை நன்றாக ஒடிக்க வேண்டியிருக்கிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய, கீழ்க் கோன்செட்தான் பெரும்பகுதியைத் தாங்குகிறது. தேயிலைத் தோட்டங்களுக்குள் போகும் கல் பாவிய பாதைகளின் அடியும் அதற்குத்தான் சேர்கிறது.

மழையின் பங்கும் சிறியதல்ல. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டின் பாதி நாள் சாலை ஈரமாகவே கிடக்கும். முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீர் கீழ்க் கிண்ணத்தில் இறங்கி, கிரீஸைக் கரைத்துவிட்டுத் துருவை விட்டுச் செல்கிறது. வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரும் இதையேதான் செய்கிறது.

துரு இல்லாத வண்டியிலும் கோன்செட் போவது உண்டு. அதன் காரணம் புரிந்தது கார்களின் வழியாகத்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்கள், சாலையில் ஓடும் முன்பே சக்கர பேரிங்கில் பள்ளம் விழுந்து வந்து இறங்கின. ஆல்மன் என்ற பொறியாளர் 1937இல் இதை ஆராய்ந்து எழுதினார்: சக்கரம் சுற்றாமல் நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்ததால், குண்டுகள் தங்கள் அடியிலிருந்த கிரீஸைப் பிதுக்கித் தள்ளிவிட்டு உலோகத்தை உலோகத்தால் தேய்த்திருந்தன. நேர்ச்சாலையில் போகும் மோட்டார் சைக்கிளின் கோன்செட்டுக்கும் இதே கதிதான். அதனால்தான் பள்ளங்கள் ஹேண்டிலின் நேர்நிலையில் விழுகின்றன.

சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாதபடி எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, ஹேண்டிலை விரல் நுனியால் மெதுவாகத் திருப்பினால் போதும். நடுவில் ‘டக்’கென்று உட்கார்ந்தால் கிண்ணத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. சக்கரத்தைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது கழுத்துப் பகுதியில் ஆட்டம் தெரிந்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. தளர்ச்சியை டைட் வைத்துச் சரிசெய்யலாம். பள்ளத்துக்கு டைட் வைப்பது மருந்தே அல்ல. நட்டை இறுக்கினால் சத்தம் அடங்கும். ஆனால் ஹேண்டில் பிடித்துக்கொள்ளும், வண்டி நேராக ஓடாமல் அலைபாயும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு என்று இருக்கும் சாலையில் அப்படிப்பட்ட வண்டியை இறக்குவது உயிரோடு விளையாடுவது. பள்ளம் விழுந்த செட்டை மாற்றத்தான் வேண்டும்.

மலையில் இந்த வேலைக்கு முதலில் தேட வேண்டியது சமதளம். சரிவில் நிற்கும் வண்டியின் முன்பாகத்தைக் கழற்றக் கூடாது. சக்கரம், மட்கார்டு, ஃபோர்க் கால்கள் ஒவ்வொன்றாக இறங்கும். பிரேக் காலிப்பரை அதன் குழாயிலேயே தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைப்பார்கள். மேல்நட்டைக் கழற்றியதும் ஃபோர்க்கின் தண்டு கீழே வரும். பழைய செட்டில் குண்டுகள் தனித்தனியாக இருந்தால் அப்போதே உதிரும் என்பதால், கீழே துணி விரித்துக்கொள்வது வழக்கம். புதுக் கிண்ணத்தோடு பழைய குண்டைக் கலந்து போடக் கூடாது.

கைப்பழக்கம் வேண்டுவது அடுத்த கட்டத்தில்தான். பழைய கிண்ணத்தின் உள்விளிம்பு குழாய்க்குள் கொஞ்சம்தான் தெரியும். நீளமான பஞ்ச் கம்பியை மறுமுனையிலிருந்து விட்டு, அந்த விளிம்பின் ஒரு பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். ஒரே பக்கம் அடித்தால் கிண்ணம் கோணிக்கொண்டு குழாயைச் சீவிவிடும். புதுக் கிண்ணத்தின் மேல் பழையதைக் கவிழ்த்து வைத்துத் தட்டினால் சமமாக இறங்கும். அடி முழுதாகப் பதிந்ததும் சுத்தியலின் ஓசை கனத்து மாறும்.

குண்டுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ உருளை பேரிங்குகளும் கிடைக்கின்றன. ஹென்றி டிம்கனும் அவர் மருமகனும் 1898இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. குண்டு ஒரு புள்ளியில் தாங்கும் பாரத்தை உருளை ஒரு கோட்டில் தாங்குவதால், தோட்டப் பாதையில் தினமும் ஓடும் வண்டிக்கு அது நல்ல மாற்று. விலை கூடுதல். அளவு அந்த வண்டிக்குச் சரியாகப் பொருந்தவும் வேண்டும்.

கிரீஸைத் தாராளமாகப் பூசி, தண்டை ஏற்றி, நட்டை இறுக்கி, ஹேண்டிலை இருபுறமும் முழுதாகப் பலமுறை திருப்பிய பின் நட்டைச் சற்றுத் தளர்த்துவார்கள். தூக்கி நிறுத்திய முன்சக்கரத்தை லேசாகத் தட்டினால் அது தன் எடையிலேயே ஒரு பக்கம் சாய வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. புதுக் கிண்ணங்கள் ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் பதியும் என்பதால், 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை டைட் பார்த்துவிடுவது நல்லது.