மணல்திட்டும் மலையகமும்: ஓர் ஆழமற்ற கடலின் அரசியல் புவியியல்

இலங்கை மலையகத்தின் புவியியலை எழுதப் புகுவோர் உயரத்திலிருந்து தொடங்குவது வழக்கம்: பிதுருதலாகலை 2524 மீற்றர், பனி, சரிவு, இரு பருவமழை. அங்கே தேயிலை ஏன் தழைக்கிறது என்பதற்கு இவை போதும். கொழுந்து கிள்ளும் கை ஏன் தமிழகத்திலிருந்து வந்தது, ஏன் கடனோடு வந்தது, 1948க்குப் பின் ஏன் நாடற்றுப் போனது என்பதற்குப் போதா. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட திட்டு வரிசையையும் நுவரெலியாவின் புவியியலாகவே படிக்க வேண்டும்.

ஆதாம் பாலம் என்றும் இராமர் பாலம் என்றும் பெயர்பெற்ற அவ்வரிசை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளம். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பல இடங்களில் ஓரிரு மீற்றர் ஆழந்தான். பெருங்கப்பல் நுழையாது, தோணி நுழையும். திட்டுகள் பருவக்காற்றுக்கேற்ப வளர்ந்தும் தேய்ந்தும் இடம்மாறும்.

கரிபியனிலும் இப்படியொரு சிறுதீவு வரிசை உண்டு. செயின்ட் வின்சென்டுக்கும் கிரெனடாவுக்கும் இடையிலுள்ள கிரெனடின்கள் ஆழமற்ற கடலடி மேடையொன்றின் மேல் நிற்பவை. இன்று இரு நாடுகளுக்கிடையே பிரிபட்டவை. அவ்வளவு தொலைவுக்கும் ஆட்கள் போனார்கள்: 1861இல் 'டிரவன்கோர்' கப்பல் சென்னையிலிருந்து செயின்ட் வின்சென்டுக்குக் கூலியாட்களை ஏற்றிச் சென்றது. அந்த நெடும்பயணத்துக்கு எழுத்து ஒப்பந்தமும் தவணையும் இருந்தன. கண்டிச் சீமை எனப்பட்ட மலையகத்துக்கு வந்தவருக்கோ, ஆள்சேர்க்கும் கங்காணியின் முன்பணமே ஒப்பந்தம். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1900களின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் பொறித்த சிறு தகரத்துண்டு. அதைப் பெற்றவரின் வழிச்செலவு அவர் போய்ச்சேரும் தோட்டத்தின் கணக்கில் ஏறும். நடைமுறையில் அது தொழிலாளியின் கடனுக்குத் தொடக்கம்.

கடல் ஆழமற்றதால்தான் கங்காணி முறை வந்தது என்று நான் சொல்லவில்லை. வங்கக் கடலைத் தாண்டிய மலாயாவிலும் கங்காணி இருந்தார். இலங்கைக்கே தூத்துக்குடி வழியாகவும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அண்மை செய்த வேலை வேறு. அது போக்குவரத்தை மலிவாக்கியது. அரசியல்வாதிக்கு ஒரு வாதத்தையும் தந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயிலும் படகுச் சேவையும் இணைந்தபின், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்தவர் சில நாளில் ஹட்டன் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், இருக்கலாம். ‘இவ்வளவு பக்கத்தில் ஊர் இருக்கிறது, இவர்கள் வந்துபோகிறவர்கள்’ என்ற பேச்சு அந்த வழித்தடத்தில்தான் வேரூன்றியது. லயத்திலேயே பிறந்து லயத்திலேயே பேரப்பிள்ளை கண்டவரையும் அது விட்டுவைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்கு இந்தப் பேச்சு மிக வசதியாயிற்று.

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோர் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. இரண்டு மாதம் முடியுமுன், டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்துக்குத் திரும்பியது. தாயகம் திரும்பியோர் எனப்பட்டவர்களில் பலர் தாம் ஒருநாளும் காணாத ஊருக்கே போனார்கள். 1984இல் போரினால் அச்சேவையும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையிலிருந்தும் புறப்படாத குடும்பங்கள் தோட்டங்களிலேயே தங்கின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கும் குடியுரிமைக்கு வழி திறந்தது. தகுதிக்கு அது வைத்த எல்லைநாள் 1964 அக்டோபர் 30.