தேனீரும் பொரியரிசியும்

திண்டிவனத்தில் சித்தி வீட்டுச் சமையலறை. ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பி கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கரண்டி அள்ளிச் சொம்பில் போட்டேன். பச்சை இலைத் துணுக்குகளுக்கு நடுவே பழுப்பு அரிசி. அதில் நாலைந்து மட்டும் பொரிந்து வெள்ளையாய் மலர்ந்திருந்தன. வெந்நீர் ஊற்றியதும் ஆவியோடு ஒரு வாசனை கிளம்பியது.

"என்னடா இது, பொரியரிசிக் கஞ்சி வாசனை அடிக்குது? யாருக்குக் காய்ச்சல்?" என்றார் சித்தி.

அதன் பெயர் கென்மைச்சா. பாலும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. முதல் மிடறில் இலேசான கசப்பு. அது இறங்கியபின் வறுத்த அரிசி நாக்கில் நின்றது. எனக்குப் பிடித்திருந்தது. சித்தி இரண்டு வாயோடு டம்ளரைத் தள்ளிவிட்டுப் பாலை அடுப்பில் ஏற்றினார்.

பெயரைப் பிரித்தால் கென், மை, சா. 'மை' அரிசி. 'கென்' கருமை. கென்மை என்றால் தீட்டாத அரிசி. 'சா' நமக்கு அந்நியமே இல்லை. மலையாளி கடைகளில் கேட்கும் சாயாவும் இந்திக்காரரின் சாயும் அதன் உறவுகள். சீன எழுத்து ஒன்றுதான், வட்டாரத்துக்கு வட்டாரம் உச்சரிப்பு வேறு. சீனாவின் மக்காவு துறையில் வணிகம் செய்த போர்த்துக்கீசியர் 'சா' என்று கேட்டார்கள். 1191இல் சீனாவிலிருந்து தேயிலை விதையோடு திரும்பியதாகச் சொல்லப்படும் எய்சாய் என்ற பௌத்தத் துறவியின் நாட்டிலும் அதே 'சா'தான். ஆனால் ஃபுஜியன் கரையின் அமோய்ப் பேச்சில் அது 'தே'. டச்சுக்காரர் அதைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் 'டே' என்றே சொன்னார்கள். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் அந்தச் சொல்லை 'ஒபே'வோடு இயைபாக வைத்திருக்கிறார். 'டீ' பிற்பாடு திரிந்தது. நம் தேயிலையில் இருக்கும் 'தே' அந்தப் பழைய ஒலிக்குத்தான் நெருக்கம். யாழ்ப்பாணத்தார் தேத்தண்ணி என்கிறார்கள். நாம் எழுத்தில் தேநீர் என்றும் வாயில் டீ என்றும் இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

அந்தத் தேநீரைப் பல கடைப் பலகைகளில் 'தேனீர்' என்று எழுதிவைத்திருப்பார்கள். தேனும் நீரும் கலந்ததாம்! பிழைதான், ஆனால் அழகான பிழை. பொருள் தெரியாத 'தே' தமிழ்க் காதுக்குள் நுழைந்தால் தேனாகத்தானே கேட்கும்?

கென்மைச்சாவின் பெயருக்கும் இப்படி ஒரு கதை உலவுகிறது. கென்மை என்றொரு வேலைக்காரனாம். சாமுராய் எசமானுக்குத் தேநீர் ஊற்றும்போது அவன் மடியிலிருந்த வறுத்த அரிசி கோப்பையில் விழுந்துவிட்டது. வெகுண்ட எசமான் அவன் தலையைச் சீவிவிட்டு, பிறகு மிச்சத்தைக் குடித்துப் பார்த்தால் ருசி! செத்தவன் பெயரையே தேநீருக்கு வைத்தாராம். ஒரு பாவப்பட்டவன் கழுத்தை வெட்டி உருவாக்கிய சொற்பிறப்பு. அரிசியின் பெயர் கண்ணெதிரே இருக்க, இந்தக் கொலை எதற்கு?

நம்மூர்க் கதையும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் விழுப்புரத்தைப் படித்துவிட்டு, 'வில்லுக்குப் பேர்போன ஊரா?' என்று வெளியூர் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். ழகரத்தை விழுங்கிய எழுத்து அவரிடம் வில்லைக் கொடுத்துவிட்டது. விழுப்புண், விழுப்பொருள் என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால் 'சிறந்த ஊர்' என்று கொள்ளலாம் என்பது என் எண்ணம். திண்டிவனத்தைத் 'திண்டி'யோடு சேர்த்துக் கேலி பேசுவாரும் உண்டு. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி, ஊர் புளியங்காடு. திந்திரிணீஸ்வரர் கோயில் இன்னும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது.

ஒன்று விட்டுப்போயிற்று. இப்போது விற்கும் கென்மைச்சாவில் பெரும்பாலும் தீட்டிய அரிசியைத்தான் வறுத்துப் போடுகிறார்கள். பழுப்பு நிறம் வறுத்ததால் வந்தது. பெயரில் இருக்கும் அரிசி பொட்டலத்தில் இல்லை.

போன வாரம் சித்தி போன் செய்தார். "அந்தப் பொரியரிசி டீ மிச்சம் இருக்காடா? உன் சித்தப்பாவுக்கு வயிறு சரியில்ல."